சாவடியில் சொன்ன பேர்

இருதயநாதனுக்கு வாய் முந்திக்கொள்ளும், புத்தி பின்னால் ஆற அமர வந்து சேரும். புதுச்சேரி டாக்சி ஸ்டாண்டில் அவனுக்கு நண்பர்கள் கிடைத்ததும் அந்த வாயால்தான், ஒரு பல் போனதும் அந்த வாயால்தான். யார் எதைக் கேட்டாலும் அவனிடம் உடனே ஒரு பதில் இருக்கும். அது உண்மையாக இருக்கவேண்டும் என்று அவன் ஒருநாளும் கவலைப்பட்டதில்லை.

எழுபத்தாறாம் வருஷம், மே மாதம். கடற்கரை விடுதி வாசலில் நின்ற மிஷேல் என்ற பிரெஞ்சுக்காரன், "நல்ல அலை எங்கே? ஆள் இல்லாத இடம்?" என்று பாதி இங்கிலீஷிலும் பாதி கையாலும் கேட்டான். இவன் கண்ணிமைக்காமல், "எங்க ஊரு முசியே, மரக்காணம் உப்பளத்துக்குப் பின்னால" என்றான். அலையைப் பற்றி இவனுக்கு என்ன தெரியும்! கட்டுமரத்தைக் கவிழ்க்கும் அலை, கவிழ்க்காத அலை என்று இரண்டு வகைதான் தெரியும். ஆனால் அன்று சாயங்காலம் அங்கே சங்குமேட்டுக் குப்பத்தில் அவன் தங்கை லூர்துமேரியின் பிள்ளைக்கு ஞானஸ்நானம். தாய்மாமனான இவன்தான் ஞானத்தகப்பன். சவாரியோடு சவாரியாகப் போய்ச் சேர்ந்துவிடலாம் என்று கணக்குப் போட்டான்.

லூர்துமேரிக்கு இது மூன்றாவது பிள்ளை. முதல் இரண்டும் ஒரு மாசம் முடியும் முன்பே போய்விட்டன. இந்தப் பயல் நாற்பது நாள் தாண்டியிருக்கிறான். இவனாவது தங்கவேண்டும் என்று, கோயில் பக்கமே எட்டிப் பார்க்காத இருதயநாதன் தினமும் மாதாவிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் கியர் போட்டான்.

அலைமேல் ஏறி நின்று சறுக்குகிற மிஷேலின் அலைப்பலகை ஓர் ஆள் நீளத்துக்கு மேலேயே இருந்தது. கனம் ஒன்றும் இல்லை, ஒரு கையால் அக்குளில் இடுக்கிக்கொண்டு வந்தான். வெயிலில் அதன்மேல் தடவிய மெழுகு உருகிவிடும் என்று விடுதியின் வெள்ளைப் போர்வையால் தலைமுதல் கால்வரை சுற்றி, மூன்று இடத்தில் கயிறு கட்டி, அம்பாசிடரின் கேரியரில் மல்லாக்கக் கிடத்தினான். அதைப் பார்த்த இருதயநாதனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

மிஷேலுக்குத் தமிழில் புரிந்தது ஒரே ஒரு கேள்விதான். தெருப் பிள்ளைகள் அவனைக் கண்டாலே "பேரு என்னா? பேரு என்னா?" என்று பின்னாலேயே ஓடுவார்கள். அவனும் பல்லெல்லாம் தெரிய "மிஷேல்!" என்பான். ஒரு தடவைகூட அலுத்துக்கொள்ள மாட்டான்.

காலாப்பட்டு தாண்டியதும் எல்லைச் சாவடி. தமிழ்நாட்டுப் பக்கம் மதுவிலக்கு. அந்த வருஷம் எல்லாவற்றிலும் கெடுபிடி வேறு. புதுச்சேரியிலிருந்து வரும் வண்டியில் சீட்டைக் கழற்றிப் பார்த்தார்கள். இருதயநாதனிடம் ஞானஸ்நான விருந்துக்கென்று நாலு பிராந்தி பாட்டில் இருந்தது.

தூரத்தில் வண்டி வரிசையைப் பார்த்ததும் ஒரு புளியமரத்தடியில் ஓரங்கட்டினான். பாட்டில்களைப் போர்வையின் மடிப்புக்குள் செருகினான். பிள்ளைக்கு என்று வாங்கிய ரோஜா மாலையை எடுத்து மேலே சாத்தினான். இறங்கி நின்று பார்த்தான். சொந்த வேலையைப் பார்த்துத் தானே மெச்சிக்கொண்டான். பிறகு முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு ஸ்டியரிங்கைப் பிடித்தான்.

சாவடியில் நின்ற கான்ஸ்டபிள் தெய்வசிகாமணி நல்ல மனுஷர். கையில் நோட்டு, காதில் பென்சில்.

"மேல என்னாது?"

"பொணம் சார்."

கான்ஸ்டபிள் சட்டென்று தொப்பியைக் கழற்றினார். "அடப்பாவமே. யாருப்பா?"

"எங்கப்பா. கடல்ல போயிட்டாரு."

"பேரு?"

பின்சீட்டில் மிஷேல் வாயைத் திறக்கப் போனான். இருதயநாதன் முந்திக்கொண்டான்.

"அமிர்தராஜ்."

அது அவன் அப்பாவின் பேரேதான். வேண்டுமென்றேதான் சொன்னான். அமிர்தராஜ் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் புயலில் போனவர். உயிரோடு இருப்பவன் பேரைச் சொன்னால் அல்லவா பாவம்? ஏற்கெனவே செத்தவர் பேரைச் சொன்னால் யாருக்கு என்ன கெட்டுவிடப் போகிறது?

கான்ஸ்டபிள் ஒவ்வோர் எழுத்தாக எழுதி, கடைசி எழுத்தின் தலையில் பொறுமையாகப் புள்ளி வைத்தார். முன்னால் நின்ற மரக்காணம் பஸ்ஸின் ஜன்னல்களில் தலைகள் திரும்பின. ஒரு பெண் சிலுவை போட்டுக்கொண்டாள்.

"எந்த ஊருக்கு எடுத்துட்டுப் போறீங்க?" என்று பஸ்ஸிலிருந்து ஒரு குரல்.

"சங்குமேட்டுக் குப்பம்" என்றான் இருதயநாதன், மூக்கைச் சிந்திக்கொண்டே.

பஸ் போய்விட்டது. இவனும் கிளம்பினான். கீழ்புத்துப்பட்டு தாண்டும்வரை தன் சாமர்த்தியத்தை நினைத்து விசிலடித்தான். அப்புறம் விசில் நின்றுவிட்டது. அப்பா பேரை இத்தனை சத்தமாகச் சொல்லிப் பன்னிரண்டு வருஷம் ஆகிவிட்டது என்று உறைத்தது. அந்தப் புயல் நாளில் கட்டுமரத்தின் பின்பக்கம் இருந்திருக்கவேண்டியவன் இவன்தான். முந்தின ராத்திரி சினிமா பார்த்துவிட்டுத் தூங்கிப்போனான். அப்பா தனியாகப் போனார். உடம்பு கரைக்கு வரவே இல்லை. கல்லறைத் தோட்டத்தில் குழி இல்லாமல் ஒரு சிலுவை மட்டும் நட்டுவைத்தார்கள். அன்றிலிருந்து இவன் கடலில் கால் வைக்கவில்லை.

அப்பா அதிகம் பேசமாட்டார். கடலில் சொல்லவேண்டியதைத் துடுப்பால் மரத்தில் தட்டிச் சொல்லுவார். ரெண்டு தட்டு தட்டினால் திரும்பு என்று அர்த்தம்.

கூனிமேட்டில் டீ குடிக்க நிறுத்தினான். கடையில் உட்கார்ந்திருந்த ஒரு வயசான பாய், வண்டியைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார். "மய்யித்தை வெயில்ல போட்டுட்டு டீ குடிக்கிறியே தம்பி. சீக்கிரம் கொண்டு போய்ச் சேருங்க." இருதயநாதனுக்குக் கூச்சமாகிவிட்டது. பாதி டீயோடு எழுந்தான்.

வண்டியில் ஏறும்போதுதான் கவனித்தான். அம்பாசிடரின் பின்பக்கம் தாழ்ந்திருந்தது, மூன்று மூட்டை அரிசி ஏற்றியதுபோல. டயரை உதைத்துப் பார்த்தான். காற்று சரியாகத்தான் இருந்தது.

அனுமந்தையில் மிஷேல் கடலைப் பார்க்க இறங்கினான். ஒரு மணி நேரம் மணலில் நின்று அலைகளை எண்ணிக்கொண்டிருந்தான். இருதயநாதன் வண்டிக்குள்ளேயே உட்கார்ந்திருந்தான். முன்கண்ணாடியில் ஒரு சொட்டு விழுந்தது. கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று. வானத்தில் ஒரு மேகம் கிடையாது. பாட்டில் உடைந்துவிட்டதோ என்று பதறிப்போய் விரலால் தொட்டு நாக்கில் வைத்தான்.

உப்பு.

மரக்காணம் வருமுன்பே வலதுகைப் பக்கம் ஒரு மண்பாதை பிரியும். இரண்டு பக்கமும் உப்பளம், நடுவில் ஒரு வண்டி மட்டும் போகிற கரை. அதில் அவர்கள் இறங்கியபோது சரியாக உச்சி வேளை. விடியற்காலையிலேயே வந்து உப்பு வாருகிறவர்கள் எல்லாரும் வீட்டுக்குப் போயிருந்தார்கள். பாத்திகளில் தண்ணீர் அசையவில்லை. கண்ணுக்கு எட்டிய தூரம் ஒரே வெள்ளை, அந்த வெள்ளை கண்ணைக் குத்தியது. இருட்டில் பயந்தால் விளக்கை ஏற்றிக்கொள்ளலாம். இந்த வெளிச்சத்தை என்ன செய்வது?

வண்டி முக்கிக்கொண்டு இரண்டாவது கியரில் போனது.

டொக். டொக்.

தலைக்கு மேலே. கூரைத் தகட்டில்.

"கயிறு அவுந்துபோச்சு போல" என்று இருதயநாதன் சத்தமாகச் சொன்னான். மிஷேலுக்குப் புரியாது என்று தெரிந்தும் சொன்னான். குரல் கேட்டால் போதும் என்றிருந்தது.

டொக். டொக்.

நிறுத்தி இறங்கினான். கயிறு மூன்றும் இறுக்கமாக இருந்தன. போர்வை நனைந்து பலகையோடு ஒட்டிக் கிடந்தது. ரோஜா மாலை மட்டும் வெயிலில் கருகியிருந்தது. ஒரு வாசனை வந்தது. பிண வாசனை இல்லை. கட்டைச் சுருட்டும் மீன் எண்ணெயும் கலந்த வாசனை. அதை அவன் சின்ன வயசில் தினமும் முகர்ந்தபடிதான் தூங்கியிருக்கிறான்.

உப்புக் குவியலுக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் தலையில் காலிக் கூடையோடு வந்தாள். அவள் பேர் பொன்னி, சின்ன வயசில் தெரிந்த முகம். இவனை அடையாளம் தெரிந்துகொண்டாளோ இல்லையோ, கண் கேரியரிலேயே இருந்தது.

"ஏம்பா, பெரியவர் காலு வெளிய கெடக்குது பாரு. இந்த வெயில்ல கொதிச்சிடும். மூடுங்கப்பா."

போர்வை நுனி விலகியிருந்தது. இருதயநாதன் எட்டிப் பார்த்தான். பலகையின் கூர்முனைதான் தெரிந்தது. இழுத்து மூடினான். திரும்பிப் பார்த்தபோது அவள் கரையில் தூரமாகப் போய்க்கொண்டிருந்தாள்.

மிஷேல் போர்வையைத் தொட்டுப் பார்த்தான். விரல்களைப் பார்த்தான். அவன் முகத்தில் சிரிப்பு இல்லை.

ரெண்டு தட்டு என்றால் திரும்பு. அது இருதயநாதனுக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் திரும்ப அந்தக் கரையில் இடம் இல்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். கொஞ்சம் பின்னால் எடுத்தால் இடம் இருந்தது. அவன் எடுக்கவில்லை.

அப்போதுதான் உப்பளத்துக்கு அந்தப் பக்கமிருந்து மணிச் சத்தம் வந்தது. ஒன்று. நீண்ட இடைவெளி. இன்னொன்று.

துக்க மணி.

பஸ்ஸில் போன சேதி முந்திக்கொண்டு ஊருக்குள் நுழைந்துவிட்டது. அமிர்தராஜ் பிணம் வருகிறது என்று சொல்லியிருக்கிறார்கள். உபதேசியார் சேவியர்ராஜ் எதையும் யோசிக்காமல் கோயில் வாசலில் நின்று, "அமிர்தராஜ் ஆத்துமத்துக்காக" என்று உரக்கச் சொல்லிவிட்டுக் கயிற்றைப் பிடித்து இழுத்துவிட்டார்.

வண்டி கோயில் முன்னால் நின்றபோது ஊரே கூடியிருந்தது. "எந்த அமிர்தராஜ்? கடல்ல போனவரா? பன்னெண்டு வருஷம் கழிச்சா?" என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு லூர்துமேரி வந்தாள். தோளில் துணியில் சுற்றிய பிள்ளை.

"யாரைண்ணா கொண்டாந்திருக்க?"

"யாரும் இல்லடி. பலகை. இந்த முசியேவோட பலகை." இருதயநாதன் சிரிக்கப் பார்த்தான், வரவில்லை. "செக் போஸ்ட்ல பாட்டிலைப் புடிச்சிடுவான்னு சும்மா பொணம்னு சொன்னேன். பேரு கேட்டான். அப்பா பேரைச் சொல்லிட்டேன்."

இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். லூர்துமேரி சிரிக்கவில்லை.

"எந்தப் பேரை?"

"அப்பா பேருதான். அமிர்தராஜ்."

அவள் அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டாள். "பிள்ளைக்கு எங்க மாமனார் பேருதான் வெக்கறதா இருந்துச்சு. நான்தான் போராடி நம்ம அப்பா பேரை வாங்கினேன். ஒரு வாரமா அமிர்தராஜ் அமிர்தராஜ்னுதாண்ணா கூப்பிடறேன். கோயில்ல நீ கேட்டு சந்தோஷப்படணும்னு உங்கிட்ட மட்டும் சொல்லல."

பிள்ளையின் துணியை விலக்கிக் காட்டினாள். உதடு நீலம். கண் பாதி மூடியிருந்தது. "மணி அடிக்க ஆரம்பிச்சதுலேர்ந்து பால் குடிக்கல. தண்ணியா கக்கறான்." முந்தானையால் அவன் வாயைத் துடைத்தாள். அந்த ஈரம் வெயிலில் காய்ந்து, துணியில் வெள்ளை வெள்ளையாகப் பொரிந்தது. உப்பு.

இருதயநாதன் அந்த உப்பைப் பார்த்தான். செத்தவர் பேர் என்றுதானே சொன்னான்! செத்தவரோடு பேரும் செத்துவிடும் என்று யார் சொன்னது அவனுக்கு?

உபதேசியாரின் முகம் சாம்பலாகிப் போயிருந்தது. "பேரன்னா யாருப்பா? பேரைச் சுமக்கறவன்தானே பேரன்" என்று முணுமுணுத்தார். "நீ சொல்லிட்ட, அவன் எழுதிட்டான், நான் மணி அடிச்சிட்டேன். இந்தப் பேருக்கு இன்னிக்கு ஒரு குழி வெட்டியாகணும். எதை வெச்சு மூடறதுன்னு சீக்கிரம் சொல்லு."

எல்லாரும் கேரியரைப் பார்த்தார்கள்.

மிஷேலுக்கு யாரும் மொழிபெயர்க்கவில்லை. அவன் பிள்ளையைப் பார்த்தான், பலகையைப் பார்த்தான். கடல் கடந்து தூக்கி வந்த பலகை. பிறகு தானே போய்க் கயிற்று முடிச்சுகளை அவிழ்த்தான்.

காலையில் ஒரு கையால் இடுக்கி வந்த பலகையை இப்போது ஆறு பேர் தூக்கினார்கள். ஆறு பேரும் கடலில் வலை இழுக்கிறவர்கள், ஆறு பேருக்கும் கழுத்து நரம்பு புடைத்தது. கல்லறைத் தோட்டத்தில் அமிர்தராஜின் சிலுவைக்குக் கீழே குழி வெட்டினார்கள். உபதேசியார் ஜெபம் வாசித்தார். பலகையைக் குழி விளிம்பில் வைத்தார்கள். அதற்குமேல் அது நகரவில்லை.

"நீ பேசுடா" என்றார் உபதேசியார்.

வாய்க்காரன் இருதயநாதன் குழி விளிம்புக்குப் போனான். மண்டி போட்டான். "அப்பா" என்றான். "அன்னிக்கு நான் வந்திருக்கணும். தூங்கிட்டேம்பா. இந்தப் பிள்ளையை விட்டுடுப்பா." அழுதுவிட்டான். பன்னிரண்டு வருஷம் அழாததையெல்லாம் சேர்த்து அழுதான்.

பலகை லேசாயிற்று. இரண்டு பேரே இறக்கிவிட்டார்கள். மாலையோடும், யாருக்கும் நினைவே வராத நாலு பாட்டிலோடும் குழிக்குள் போன பலகைமேல் மணல் விழுந்தது. குழி மூடி முடிவதற்கும் தோட்டத்து வாசலில் பிள்ளை வீறிட்டு அழுவதற்கும் சரியாக இருந்தது. லூர்துமேரி மாரோடு அணைத்துக்கொண்டாள். அது பசியோடு குடித்தது.

சாயங்காலம் பங்குச் சாமியார் வந்தார். ஞானஸ்நானத் தொட்டிக்கருகில் நின்று, "பிள்ளைக்கு என்ன பேர்?" என்று ஞானத்தகப்பனைக் கேட்டார். வாழ்க்கையில் முதல் தடவையாக இருதயநாதன் யோசித்துவிட்டுப் பதில் சொன்னான். கடைசி பெஞ்சில், நகக்கண்ணில் கல்லறை மணலோடு உட்கார்ந்திருந்த வெள்ளைக்காரனைப் பார்த்தான்.

"மிக்கேல்" என்றான்.

மிஷேலுக்குத் தன் பேரின் தமிழ் வடிவம் அது என்று புரிந்தபோது முகமெல்லாம் சிவந்துபோயிற்று. மறுநாள் காலை பலகை இல்லாமலே கடலில் விழுந்து புரண்டு, பையன்களோடு கத்திக் கூச்சல் போட்டுவிட்டு வந்தான். லூர்துமேரி பிள்ளையைத் தூக்கி வந்து வண்டி ஜன்னலில் காட்டினாள். உதடு நல்ல சிவப்பு. இருதயநாதனின் விரலைப் பிடித்துக்கொண்டு விடவில்லை.

திரும்பும் வழியில் வண்டி பறந்தது. உப்பளத்தில் உப்பு வாருகிறவர்கள் கையசைத்தார்கள். அனுமந்தை, கூனிமேடு. கூனிமேட்டுக் கடையில் பாயைக் காணோம், டீ மட்டும் குடித்தார்கள். இருதயநாதன் விசிலடிக்கக்கூட ஆரம்பித்தான். புதுச்சேரிக்குள் போகிற வண்டியை யாரும் சோதிப்பதில்லை, அதனால் சாவடியில் நிற்கவேண்டியதே இல்லை.

ஆனால் தெய்வசிகாமணி நடுரோட்டுக்கு வந்து கையைக் காட்டினார். தொப்பி கையில் இருந்தது.

"ஏம்பா, ஊர்ல அடக்கம் பண்ண விடலையா?"

"பண்ணியாச்சு சார்."

"அப்புறம் ஏன் திருப்பி எடுத்துட்டு வர்ற?"

இருதயநாதன் கதவைத் திறந்து இறங்கினான். கேரியரைப் பார்த்தான். மூன்று கயிறுகள் சுருண்டு கிடந்தன. வேறொன்றும் இல்லை. வண்டியின் பின்பக்கம் மட்டும் தாழ்ந்திருந்தது.

கான்ஸ்டபிள் குதிகாலை உயர்த்தி எட்டிப் பார்த்தார். அவர் முகம் இளகிப்போயிற்று.

"நேத்து ஒருத்தர்னுதானே சொன்ன. அவர் நெஞ்சு மேல சின்னதா ஒரு துணிமூட்டை இருக்குதே. கொழந்தையா?"

இருதயநாதன் ஓர் எட்டு பின்னால் வைத்தான்.

காதிலிருந்து பென்சில் இறங்கியது. "கடவுளே. கொழந்தை பேரு என்னா?"

நாக்கு நுனியில் பேர் வந்து நின்றது. அவன் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டான். பல்லால் உதட்டைக் கடித்தான், ரத்தம் வந்தது. சொல்லமாட்டான். வெட்டிப் போட்டாலும் இந்த முறை சொல்லமாட்டான்.

"பேரு என்னாப்பா?" என்று கான்ஸ்டபிள் பரிவோடு, சத்தமாகக் கேட்டார்.

பின்சீட்டுக் கண்ணாடி இறங்கியது. வெயிலில் சிவந்த ஒரு முகம் பல்லெல்லாம் தெரிய எட்டிப் பார்த்தது.

"மிஷேல்!"

"மிக்கேலா? சரி சரி."

"எழுதாதீங்க சார்!" இருதயநாதன் பாய்ந்து நோட்டைப் பிடுங்கினான். பென்சில் அதற்குள் கடைசி எழுத்தின் தலையில் புள்ளி வைத்துவிட்டிருந்தது.

காலிக் கேரியரில், துடுப்பு மரத்தில் படுகிற சத்தம் கேட்டது.

ரெண்டு தட்டு.

இந்தத் தடவை அவன் வண்டியைக் குப்பத்தை நோக்கித் திருப்பினான்.